மழைநாள் எண்ணிக்கை

இத்தாலியின் பலெர்மோ நகரில், அல்பெர்கேரியாப் பகுதியில் உள்ள ஆய்வுகூடத்தைக் கூட்டித் துடைக்க வந்த அம்பிகை, இப்போது ஆப்பிரிக்கக் காட்டுச் சிம்பன்சிகளின் மலத்தில் இருக்கும் புழுமுட்டைகளை எண்ணுகிறாள். மழைக்காலத்தில் எடுத்த மலத்தில் முட்டைகள் மிகுந்திருக்கும். கோடையில் எடுத்ததில் குறைந்திருக்கும்.

இந்த வாரம் அவள் கையில் இருந்த, ஒட்டி மூடிய கண்ணாடித் தகடு கோடைக்காலத்தது. திங்களன்று அதில் ஏழு முட்டைகள் இருந்தன. செவ்வாயன்று பலெர்மோவில் மழை. அதே தகட்டில் முப்பத்தொன்று. புதனன்று வெயில், மீண்டும் ஏழு.

“பிழையா எண்ணுறியள், அக்கா. இப்பிடியெண்டா திரும்ப விளக்குமாறு பிடிக்கச் சொல்லிப்போடுவினம்,” என்றாள் ஆய்வு மாணவி நிலக்ஷி.

“என்ர கண்ணிலை பிழையில்லை, பிள்ளை. மழை வரட்டும், நீரே எண்ணிப் பாரும்.”

தன் கண்ணைச் சந்தேகிக்க அம்பிகைக்குத் தோன்றவே இல்லை.

வெள்ளிக்கிழமை காலை மழை பிடித்தது. ஜன்னலுக்குக் கீழே, பல்லரோச் சந்தையில் மீன்காரர்கள் தார்ப்பாயை இழுத்துவிட்டார்கள். நிலக்ஷி நுண்ணோக்கியில் குனிந்து எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள். பிறகு எழுந்து கதிரையை அம்பிகைக்கு விட்டாள்.

“முப்பத்தொண்டுதான், அக்கா. எழுதி, உங்கடை பேரையும் போடுங்கோ.”

அம்பிகை எழுதிக் கையெழுத்திட்டாள். பின்பு சும்மா ஒருமுறை குனிந்து பார்த்தாள். மருந்தில் போட்டுச் செத்து மூன்று வருடமான முட்டை ஒன்றுக்குள், புழு மெல்லப் புரண்டு, மழை பெய்யும் ஜன்னல் பக்கமாகத் திரும்பிப் படுத்தது.