தாஹிருக்குப் பதினோரு மெயில்கள்

தாராவியின் மாடிப் பட்டறையில், தோல் துண்டுகளை ஒதுக்கிவிட்டுப் பழைய கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருக்கிறாள் சைனப். இங்கே நெட் வரும், போகும். அதனால் காலையிலிருந்து போராடி ஒரு சின்ன மெயில் சர்வரை அதில் அமைத்திருக்கிறாள். மெயில்களை அது வரிசையில் வைத்திருந்து, நெட் வந்ததும் தானே அனுப்பிவிடும். வாப்பா கரீம் பாட்சா சொல்லச் சொல்ல அவள் டைப் செய்த பதினோரு மெயில்கள் அதில் காத்திருக்கின்றன. எல்லாம் கப்பலில் வேலை பார்க்கும் அவள் தம்பி தாஹிருக்கு. ஏழு வாரமாக அவனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. ஜன்னல் கம்பியில் கட்டிவைத்த போனில் நெட் வருகிறது. திரையில் வரிசை குறைகிறது; பத்து, ஏழு, மூன்று, பிறகு ஒன்றுமில்லை. பின்னால் வாப்பாவின் தையல் மெஷின் சத்தம் நிற்கிறது. "எல்லாம் போயிட்டாம்மா?" என்கிறார் வாப்பா. அவள் வாய் திறக்குமுன் மெயில்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வருகின்றன. கப்பலில் அந்தப் பெயருக்கு இப்போது முகவரி இல்லை என்கிறது ஒவ்வொன்றும். வாப்பாவுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. இருந்தாலும் திரையை லேசாகத் தன் பக்கம் திருப்பிக்கொள்கிறாள். "ஆமா வாப்பா, எல்லாம் போயிட்டு." அவர் முகம் தெளிகிறது. ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்கிறார். "அப்ப இன்னொண்ணு எழுது. உம்மா நல்லா இருக்கா, கவலைப்படாண்டாம்னு போடு." சைனப் டைப் செய்கிறாள்.