உள்ளே ஒருவர், வெளியே ஒருவர்

“நான் உள்ளுக்கு வரணும்னா நீதான் வாய் தொறந்து கூப்பிடணும். அல்லாஹ் மேல சத்தியமா, அதுவரைக்கும் இந்த நிலப்படியத் தாண்ட மாட்டேன்.”

“அல்லாஹ் மேல சத்தியமா, நானும் கூப்பிட மாட்டேன்.”

நாற்பது நாளைக்கு முன்னால் பேசியது. காரவனின் தாழ்ந்த கூரையைப் பார்த்தபடி படுக்கும்போதெல்லாம் பாறூக்குக்கு அது ஞாபகம் வரும்.

பஸ் டிப்போவில் ஓய்வு பெற்ற கையோடு, வெள்ளைக்காரர் ஒருவர் விட்டுப்போன அந்தப் பழைய காரவனை, சக்கரம் வைத்த அந்தச் சின்ன வீட்டை, அவர் வாங்கினார். ரிவர்ஸ்டன் மலை பார்க்க வருகிறவர்கள் ரத்தோட்டையில் தங்கிப்போக அதை வாடகைக்கு விடலாம் என்று யோசனை. மனைவி றமீஸாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதை இழுத்துவந்த டிரக்டர், அவள் ஆறு வருடமாக வளர்த்த மிளகுக் கொடிகளின் மேல் ஏறி நின்றது.

“அதுதான் பெருசுன்னா அதுலயே போய்ப் படுங்க” என்றாள். அவரும் தலையணையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். போகும்போது ஆளுக்கொரு சத்தியம்.

மூன்று நாளைக்கு மேல் பேசாதிருப்பது மார்க்கத்தில் கூடாது என்பதால், நான்காம் நாள் காலையில் இருவரும் சலாம் சொல்லிக்கொண்டார்கள். பிறகு பேச்சு வந்தது, காரவன் படிக்குச் சாப்பாடு வந்தது, கேலியும் வந்தது. அந்த ஒரு சொல் மட்டும் வரவில்லை.

போன திங்கட்கிழமை குரங்கு ஒன்று பறித்துப் போட்ட ஈரப்பலாக்காய் காரவன் ஜன்னலை உடைத்தது. பாறூக் உள்ளூர மகிழ்ந்தார். மழை நேரம். இனி கூப்பிடாமல் இருப்பாளா? ஜன்னலில் பொலித்தீனைக் கட்டிவிட்டு, வீடு வரைக்கும் கேட்கும்படி தும்மினார்.

கொத்தமல்லி அவித்த தண்ணீர்தான் வந்தது.

இன்று விடிந்ததிலிருந்து அடுப்படியில் நெய்ச்சோறு வாசம். பக்கத்து வீட்டுப் பெரியவர் பதுர்தீன் நானா வந்து இரண்டு பைகளில் சோற்றுப் பார்சல்களை வாங்கிக்கொண்டு போனார்.

“உம்மா மவுத்தான நாள் கத்தமா?” என்று பாறூக் கேட்டார்.

“அப்படித்தான் வெச்சிக்கோங்க.”

“எனக்கு ஒண்டு?”

“எண்ணிக் கட்டினது. ஒங்களுக்கு அதுல இல்ல.”

கொஞ்ச நேரத்தில் சவர்க்காரத் தண்ணீர் வாளியோடு அவளே வந்து நின்றாள். “கண்ணாடி வெட்டிட்டு வந்து ரெண்டு நாளாச்சு. எப்பப் போடப் போறீங்க?”

“தனி ஆளால ஏலாது. உள்ள ஒருத்தர், வெளிய ஒருத்தர் வேணும்.”

“அதான் வந்திருக்கேனே. என்ன செய்யணும்னு சொல்லுங்க.”

ஜன்னல் அடைபட்டால் அவள் கூப்பிட ஏது காரணம்? பாறூக்கின் முகம் வாடியது. ஆனாலும் வேலையைத் தொட்டால் கை தானாகவே ஓடும். முப்பது வருடம் பஸ் கண்ணாடி பொருத்திய கை. பழைய ரப்பரைச் சுரண்டி எடுத்தார். கண்ணாடியைச் சுற்றிப் புது ரப்பரை மாட்டினார். ரப்பரின் காடி நெடுக நூலைப் பதித்து, சவர்க்காரத் தண்ணீர் பூசினார்.

“நான் உள்ள இருந்து நூல இழுக்க இழுக்க, ரப்பர் தகரத்துக்கு மேல ஏறும். நீ வெளிய அந்தந்த இடத்த அமுக்கிட்டே வா. குத்தாத. உள்ளங்கையால.”

“முப்பத்தொரு வருசமா ஒங்களோட குடும்பம் நடத்துறேன். அமுக்கத் தெரியாதா?”

நூல் மெல்ல மெல்ல வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் உள்ளங்கை, இந்தப் பக்கம் அவர் விரல்கள். மூலை திரும்பும்போது அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டார்.

கடைசி மூலையும் ‘டக்’கென்று உட்கார்ந்தது. அவர் தாழ்ந்த குரலில், “ஒரு தரம் கூப்பிட்டாத்தான் என்ன” என்றார்.

“என்ன?” என்று அவள் வாய் அசைந்தது. சத்தம் கேட்கவில்லை.

“ஒண்டுமில்ல. நல்லா இறுகிட்டு.”

அவர் வெளியே வந்து விளிம்பெல்லாம் சிலிக்கன் பூசி, விரலால் வழித்துவிட்டார். அது காயும்வரை இருவரும் படியில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்தார்கள். மதிய லுஹர் தொழுகை முடிந்ததும் றமீஸா பைப்பை இழுத்து வந்து ஜன்னலில் தண்ணீர் அடித்தாள். பாறூக் உள்ளே நின்று ஓரங்களைத் தடவிப் பார்த்தார். எங்காவது ஒரு சொட்டு வரட்டும் என்று தேடிய விரல் காய்ந்தே திரும்பியது.

“எப்படி?” என்றாள், பைப்பை நிறுத்திவிட்டு.

“அருமையா இருக்கு. இனி வருசக்கணக்குல இதுக்குள்ளயே கிடக்கலாம்.” சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு சரியாக வரவில்லை.

அவள் கைபேசி அடித்தது. “சொல்லுங்க பதுர்தீன் நானா… பத்தும் குடுத்தாச்சா? எல்லாரும் இல்லாதப்பட்டவங்கதானே? ஒருத்தருக்கே ரெண்டு போகலயே? அல்ஹம்துலில்லாஹ்.”

கைபேசியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள். நாற்பது நாளில் முதல்முறையாக அவரை நேராகப் பார்த்தாள்.

“ஜன்னல் அடச்சது ஒங்களுக்கு இல்ல. ரிவர்ஸ்டனுக்கு வாறவங்க நனைஞ்சிட்டுப் படுக்கிறதா?”

“அப்ப நான் எங்க படுக்கிற?”

“செஞ்ச சத்தியத்த முறிக்கணும்னா பத்து ஏழைங்களுக்குச் சோறு குடுக்கணுமாம், மவுலவிட்டக் கேட்டேன்” என்றாள் றமீஸா. “பதினோராவது சோறு மேசையில இருக்கு. உள்ள வாங்க.”