லோர்னா ஏறினால்

யுத்தம் முடிந்த வருடம் ஏர்ல் லோர்னாவைக் கட்டினான். அவளோடு முதல் கணவன் பிரட்லியின் டீசல் பிக்கப்பும் நாவற்குடா வீட்டுக்கு வந்தது. பிரட்லியைக் கல்லடிக் கரையில் சுனாமி கொண்டுபோயிருந்தது. உடல் கிடைக்கவில்லை.

ஏர்ல் தனியே ஓட்டினால் பிக்கப் பறக்கும். லோர்னா ஏறினால் மட்டும், அக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் திணறும். கல்லடிப் பாலத்தில் சைக்கிள்காரர்கள்கூட முந்திப் போனார்கள்.

"பிரட்லி ஓட்டக்குள்ள இது இப்பிடி ஒருநாளும் திணறினதில்ல," என்றாள் லோர்னா. செத்தவனோடு தன்னை ஒப்பிட்டது ஏர்லுக்குச் சுருக்கென்றது.

டவுனில் மெக்கானிக் கோணாமலை டீசல் பில்டரை மாற்றினார், பம்பைக் கழற்றிப் பூட்டினார். இருவரையும் ஒரு சுற்று ஓட்டிவரச் சொல்லி, ரோட்டில் நின்று பார்த்தார்.

"பழுது ஒண்டும் இல்ல தம்பி. பாரம் ஏத்தின வண்டி மாதிரி இழுக்குது. பின்னுக்கு என்ன இரிக்கு?"

பின்னால் ஒன்றும் இருக்கவில்லை.

வீடு திரும்பும்போது ஏர்ல் சொன்னான்: "இத வித்துப்போடுவம், லோர்னா."

அவள் இருக்கையின் நடுவுக்கு நகர்ந்து வந்து அவன் தோளில் சாய்ந்தாள். கட்டிய நாளிலிருந்து அவள் இவ்வளவு நெருங்கி உட்கார்ந்ததில்லை. ஏர்லுக்கு மனம் குளிர்ந்தது.

பாலத்தில் பிக்கப் மறுபடி திணறியது. கியரை மாற்றக் குனிந்தவன் அவளுடைய இடது கையைக் கண்டான். அது ஜன்னலோரக் காலி இருக்கையில் மல்லாந்து கிடந்தது. விரல்கள் அகன்று, இன்னொரு கையைக் கோத்துப் பிடித்ததுபோல் மடிந்திருந்தன. ஒவ்வொரு விரலிடுக்கிலும் தோல் அழுந்தி வெளுத்திருந்தது.