மேலிருந்து எடுத்த படம்

“எல்லாம் செட்டு போட்டு எடுத்ததுங்க டீச்சர்!”

ஏற்காடு பள்ளிக்கூடத்து அறிவியல் கண்காட்சியில், சாமை விவசாயி அம்மாசி அரை மணி நேரமாக நிலாப் படங்களின் முன்னால் மல்லுக்கு நின்றார். பவித்ரா டீச்சருக்குப் பொறுமை போய்விட்டது.

“இது அங்க போனவங்க எடுத்த படமில்லைங்க. பல வருசம் கழிச்சு, நிலாவைச் சுத்துற விண்கலம் மேலிருந்து எடுத்தது. இந்தக் கோடுதான் அவங்க நடந்த தடம்.”

“ஆளு நடந்த தடமே மேலிருந்து தெரியுமுங்களா? அப்ப செம்மநத்தத்துக்கு மேல இருக்கற எங்க ஊரக் காட்டுங்க, நம்பறேன்.”

பவித்ராவுக்கும் ரோஷம் வந்தது. லேப்டாப்பில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்தாள். ஊருக்குப் போகிற வழியாக மொட்டைப் பாறை மேல் மெல்லிய கோடு ஒன்று மட்டும் ஓடியது.

“பாருங்க, உங்க ஒத்தையடிப் பாதைகூடத் தெரியுது. போன மாசம் எடுத்தது. இப்பவாவது நம்புறீங்களா?”

“நொம்ப நம்பறேனுங்க. தேதியோட ஒரு பிரிண்ட் போட்டுக் குடுங்க.”

“எதுக்குங்க?”

அம்மாசி பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து நீட்டினார். அதில் பளபளவென்று ஒரு தார் ரோடு.

“எங்க ஊருக்குப் போன வருசமே ரோடு போட்டாச்சுன்னு ஆபீசுல இதத்தான் காட்டுறாங்க. நாளைக்கு உங்க படத்த அவங்க மூஞ்சிக்கு நேரா நீட்டறேன். எது செட்டு போட்டு எடுத்ததுன்னு அப்பப் பாத்துக்கலாமுங்க!”