ஊதாத ஹாரன்

பழைய பித்தளை ஹாரன்களைத் தேடி வாங்கிப் புதுசாக்குவதில் அமலநாதனுக்குப் பைத்தியம். அவர் பட்டறையில் சலீமா ஒரு மோட்டார் ஹாரனை வைத்தாள்.

"என் புருஷன் அழுத்துனப்ப இது ஊதலண்ணே. வைத்திக்குப்பத்து ஆளு ஒருத்தரு எங்க வண்டியில அடிபட்டுச் செத்துட்டாரு. ஹாரனே அடிக்கலன்னு இவரை ஜெயில்ல போட்டுட்டாங்க. பழுதுன்னு நீங்க சொன்னா விட்டுடுவாங்க."

அமலநாதன் திரும்பி நின்று ஹாரன் குழாய்க்குள் விரலை விட்டார். ஏதோ தட்டுப்பட்டது. அவள் பார்க்காதபடி அதை உருவி மடியில் செருகிக்கொண்டு ரப்பர் பந்தை அழுத்தினார். ஹாரன் அலறியது.

"நல்லாத்தானே இருக்கு! உன் புருஷன் புளுகுறான்."

சலீமா அழவில்லை. தன்னோடு வந்து வாசலில் நின்ற போலீஸ்காரரை உள்ளே கூப்பிட்டாள்.

"போன மாசம் மெருகு போட்டப்ப, பொடி உள்ள போகாம நீங்க அடைச்ச துணிதானேண்ணே அது? எடுக்க மறந்துட்டீங்க. நாங்க முன்னாடியே பாத்துட்டோம். மடியிலேருந்து எடுங்க."