வெறுங்கப்பல்

கடல் கடைத்தெருவுக்குள் வந்துவிட்டது. தெருச்சனத்துக்கு ஒரு படகுகூட அனுப்பாத மாநகராட்சி, எந்தக் காலத்திலோ கடலோடிய வணிகர் அழகன் நாயகரின் பேசும் சிலைக்குப் பெரிய கப்பலே அனுப்பியிருந்தது. சிலை சம்மதிக்காமல் அதைத் தூக்கக் கூடாதென்பது சட்டம்.

சிலையடியில் இட்லிக் கடை போடும் செண்பகவல்லி முழங்கால் தண்ணீரில் நின்றாள். தெருவே மூட்டையும் பிள்ளையுமாக அவள் பின்னால் நின்றது.

"வழி விடும்மா," என்றார் அதிகாரி.

"நாங்க ஏறாம அவரு ஏற மாட்டாரு. கேட்டுப் பாருங்க."

அதிகாரி சிலையைப் பார்த்தார். "ஐயா, கெளம்பலாமா?"

"கப்பல்ல என்ன ஏத்திருக்கு?"

"ஒண்ணுமில்லீங்க. நீங்க மட்டுந்தான்."

"வெறுங்கப்பல்ல நான் ஏறினதில்ல."

"நாயகரே, சனம் நிக்குது," என்றாள் செண்பகவல்லி.

"அப்ப ஏறுங்க தாயி. கடைசி ஆள் ஏறினப்புறம் என்னைத் தூக்கட்டும்."