இடுப்பில் கயிறு

முப்பது வருடமாக வேல்ஸ் மலைக் கிராமங்களில் நாட்டார் கதைகளைச் சேகரித்து அச்சிட்ட பேராசிரியர் எம்ரிஸ், இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு ஆட்டிடையர் கிரிஃபித்தின் வாசலில் நின்றார். பேராசிரியரின் மகள் நெஸ்டா மலையில் காணாமல் போய் ஒன்பது நாள் ஆகியிருந்தது.

"நீங்க சொன்ன வழிதான். தேவதைங்க நெஸ்டாவை இழுத்துக்கிட்டு ஆடுற புல்வட்டத்துக்குள்ள போய் நான் அவளைப் பிடிச்சுக்கறேன். நீங்க வெளிய நின்னு இழுங்க."

"ஐயா, அது நீங்க குடுத்த புகையிலைக்காக நானே கட்டிவிட்ட கதைங்க. ஏரியில தேடச் சொல்லுங்க."

"ஏரி வேண்டாம்," என்று எம்ரிஸ் கயிற்றின் நுனியை நீட்டினார்.

கிரிஃபித் வெகுநேரம் அதை வாங்கவில்லை. பிறகு மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டு கேட்டார்.

"எத்தனை பேர் சேர்ந்து இழுக்கணும்னு புத்தகத்துல போட்டிருக்கீங்க?"